கவைக்கோலில் ஒரு லென்ஸ்

செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மம்பேத் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதிலிருந்து எசென்குலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மம்பேத் ஆடு மேய்ப்பவன், வாய் ஓயாதவன். குதிரை லாடத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே, போகிற போக்கில், "செம்பாறைப் பக்கம் ஒரு பொன்கழுகு சுத்துதுய்யா. பெரிய பொட்டை. கால்ல என்னமோ தொங்குச்சு. கயிறோ பாம்போ, எவன் கண்டான்?" என்றான். சொல்லிவிட்டு லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் போய்விட்டான். அவனுக்கென்ன! கேட்டவன்தான் பின்னாலேயே ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தான்.

"எந்தக் கால்ல?"

"நான் என்ன அதுக்குச் செருப்புத் தைக்கவா அளவெடுத்தேன்? கால்ல. அவ்வளவுதான் தெரியும்."

எசென்குல் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். உப்பு வாங்கப் போனவன் வெறுங்கையோடு வந்ததற்கு மனைவி கனிஷாய் ஒரு பாட்டம் திட்டினாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

சங்கதி இதுதான். பதினைந்து மாதத்துக்கு முன்னால், போன வருஷம் மார்ச்சில், அவன் தன் கழுகு துமானை மலைக்குத் திருப்பிக் கொடுத்தான். பதினோரு குளிர்காலம் அவன் கையில் இருந்து நரியும் முயலும் பிடித்த பறவை. கழுகு வைத்து வேட்டையாடுகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். பெட்டைக்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் தெம்பு இருக்கும்போதே விட்டுவிட வேண்டும். ஓர் ஆட்டை அறுத்து அதன் முன்னால் போட்டு, இரண்டு காலிலும் கட்டியிருக்கும் தோல்வாரை அறுத்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எசென்குல், "யாரும் கூட வராதீங்க, நான் தனியா போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆடு அறுத்தான். இடது கால் வாரை அறுத்தான். வலது காலுக்கு வந்தபோது கத்தி இறங்கவில்லை.

அவனுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஒரு சாண் வார் தொங்கினால் வானத்தில் எத்தனை கழுகு பறந்தாலும் என் துமானை நான் அடையாளம் கண்டுகொள்வேனே! கத்தியை மடக்கி உள்ளே வைத்தான். துமான் ஆட்டின்மேல் உட்கார்ந்தது. அவன் வந்துவிட்டான்.

அன்று வீட்டில் வைத்த விருந்துக்கு ஊர் திரண்டு வந்தது. "ரெண்டு வாரையும் அறுத்துட்டியா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கேட்பது வழக்கம். "அறுத்துட்டேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். கனிஷாயிடமும் சொன்னான். தோளில் தட்டி வாழ்த்தினார்கள்.

ஊருக்கு ஆயிரம் சொல்லலாம். தன் வயிற்றுக்கு என்ன சொல்வது? இருபது வயதில் அவன் ஒரு கழுகைப் பார்த்திருக்கிறான். யாரோ வாரோடு விட்டது. அந்த வார் ஒரு ஜூனிப்பர் மரக்கிளையில் சிக்கி, தலைகீழாகத் தொங்கி, காய்ந்துபோய், காற்றில் பழந்துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. துமானை விட்டு வந்த மூன்றாம் நாளே அந்தக் காட்சி கண்முன் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து போகவில்லை. பல தடவை மலைக்குப் போய்ப் பார்த்தான். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால், நீயெல்லாம் ஒரு வேட்டைக்காரனா என்று காறித் துப்ப மாட்டார்களா?

இப்போது மம்பேத் வந்து, காலில் என்னமோ தொங்குகிறது என்கிறான்.

புதன்கிழமை விடிந்ததும் எசென்குல் குதிரையேறிச் செம்பாறைக்குப் போனான். பாறை, பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம். அந்தப்புறம் போக வழியே கிடையாது. இந்தப்புறம் இருந்துதான் பார்க்க வேண்டும். அவனிடம் இருப்பதோ பழைய பட்டாளத்து பைனாகுலர். ஒரு கண் பூஞ்சை பிடித்து மங்கிப்போனது. பாறை இடுக்கில் சுள்ளி அடுக்கியது போல் ஒரு கூடு தெரிந்தது. அதற்கு மேல் ஒரு பறவை வட்டமடித்தது. வார் தொங்குகிறதா இல்லையா? கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான். தொங்குகிறது என்று நினைத்தால் தொங்கியது, இல்லை என்று நினைத்தால் இல்லை. எரிச்சலில் பைனாகுலரை ஒரு கல்லில் போட்டு உடைக்கலாமா என்று வந்தது.

அவ்வளவு தூரத்தில் இருப்பதைக் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவரும் சாமான் ஒன்று அவன் வீட்டிலேயே இருந்தது. கனிஷாயின் லென்ஸ்.

கனிஷாய் இருபது வருஷம் மாவட்டப் பத்திரிகைக்குப் படம் எடுத்தவள். பத்திரிகையை மூடிய பிறகு மலையாடு, கழுகு, ஓநாய் என்று எடுத்து நாட்காட்டி போடுகிறவர்களுக்கு அனுப்பி வந்தாள். கைநீளத்துக்கு, நெய்டப்பா கனத்துக்கு ஒரு தொலைதூர லென்ஸ் வைத்திருந்தாள். கேமராவோடு சேர்த்தால் ஐந்தரைக் கிலோ. எசென்குல் அதற்கு வைத்த பெயர் பீரங்கி. எட்டு வருஷம் அதைச் சுமந்து சுமந்து அவள் கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நகர்ந்துவிட்டது. வலது தோள் பாதிக்கு மேல் எழும்பாது. "டீக்கெட்டிலைவிட கனமா எதையும் தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதமாகிறது. அவளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு லென்ஸை விற்பது என்று முடிவு செய்துவிட்டாள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒருவன் சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறான்.

சனிக்கிழமை! நடுவில் வியாழன், வெள்ளி. இரண்டே நாள். அதற்குள் பார்த்தால் உண்டு. பீரங்கி பிஷ்கெக் போய்விட்டால், துமான் உயிரோடு இருக்கிறதா, கூட்டிலேயே வார் சிக்கிக் கிடக்கிறதா என்று செத்தாலும் தெரியப் போவதில்லை.

கனிஷாய் முற்றத்தில் இடது கையாலேயே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எசென்குல் குதிரையைக் கட்டிவிட்டு அவளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான்.

"என்ன கிழவரே, கோழி முட்டைக்கு இடம் தேடற மாதிரி சுத்தறீங்க?"

அவளுக்கு ஐம்பத்தொன்று. அவனுக்கு ஐம்பத்தெட்டு. மூத்த மகள் பிறந்ததிலிருந்தே கிழவர், கிழவிதான்.

"கிழவி, நாளைக்குச் செம்பாறைக்குப் போலாமா? உன் பீரங்கியையும் எடுத்துக்க."

பிசைகிற கை நின்றது. "எதுக்கு?"

"சும்மாத்தான். விக்கறதுக்கு முன்னாடி கடைசியா நாலு படம் எடுத்துக்கயேன். மம்பேத் அங்க கழுகுக்கூடு இருக்குன்னான்."

"இருபத்தெட்டு வருஷத்துல நான் எடுத்த ஒரு படத்தை ரெண்டு நிமிஷம் சேந்தாப்புல பாத்திருப்பீங்களா? இப்ப என்ன புதுசா கரிசனம்?"

"வேணாம்னா விடேன். நல்லதுக்குச் சொன்னா..."

"வேணாம்னு யார் சொன்னா? போலாம். யார் தூக்கறது?"

"நான்தான். அஞ்சரைக் கிலோ ஒரு கனமா? துமான் ஆறு கிலோ. பதினோரு வருஷம் இந்தக் கையில வெச்சிருந்தவன்கிட்ட பேசறா பேச்சு!"

"கழுகு தானா உங்க கையைப் புடிச்சுக்கும் கிழவரே. லென்ஸ் புடிச்சுக்காது. கீழ போட்டீங்க, அதோட கதை முடிஞ்சுது."

இவ்வளவு சுலபத்தில் அவள் சம்மதித்தது எப்படி என்று எசென்குல் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவன் புத்தி எல்லாம் செம்பாறையில் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் முற்றத்தில் நடந்த கூத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். முதலில் லென்ஸைக் கழுத்துப் பட்டையில் மாட்டிக்கொண்டான். குதிரை பத்தடி ஓடியதும் பட்டை கழுத்தை ரம்பம் மாதிரி அறுத்தது. லென்ஸ் சேணத்தின் முன்கொம்பில் போய் டொக்கென்று இடித்தது.

"ஐயோ! நிறுத்துங்க!" கனிஷாய் ஓடி வந்தாள். "நான் எட்டு வருஷம் அப்படித்தான் தூக்கினேன். என் கழுத்தைப் பாத்துமா புத்தி வரல?"

அப்புறம் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்குப் பட்டையாகப் போட்டுப் பார்த்தான். இடுப்பெலும்பில் மோதியது. சேணப்பையில் ஒரு பக்கம் லென்ஸ், சமன் செய்ய மறுபக்கம் ஒரு பாறாங்கல் என்று வைத்தான். "உள்ள பதினஞ்சு கண்ணாடி இருக்கு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒண்ணொண்ணா நகரும்" என்று அவள் எடுத்துவிட்டாள். கடைசியில் போர்வையில் சுற்றி முதுகுப்பையில் வைத்துக் கட்டினார்கள். சரி என்று கிளம்பினார்கள். அவன் தன் குதிரை காஷ்காவில், அவள் கிழட்டுப் பெட்டைக்குதிரையில்.

ஏற்றத்தில் பரவாயில்லை. சமவெளியில் குதிரை ஓட்டமெடுத்ததும் பை, பின்னாலிருந்து யாரோ குத்துவது மாதிரி, சிறுநீரகத்திலேயே குத்தியது. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். ஓடையைத் தாண்டும் இடத்தில் முடியாமல் போய்விட்டது. பையைக் கழற்றி முன்னால் இழுத்தான். இழுத்தவன் என்ன செய்தான்?

எசென்குல் வாலிபத்தில் ஆட்டுப்போர் ஆடியவன். தலையில்லாத செத்த ஆட்டைக் குதிரைமேல் இருந்தே பறித்து, தொடைக்கும் சேணத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பறந்து, எதிரணிக் குழியில் போட்டு கோல் எடுக்கிற ஆட்டம். நாற்பது கிலோ ஆட்டை அப்படி இடுக்கியவன். கனமான எதையும் கையில் எடுத்துவிட்டால் அவன் தொடை தானாக மேலெழும்பும். யோசனை வேண்டியதில்லை. பையைத் தொடைக்கடியில் திணித்தான், நறுக்கென்று இடுக்கினான், காஷ்காவுக்கு ஒரு சாட்டை கொடுத்தான். ஐந்து வருஷமாக ஓடாத ஓட்டம் காஷ்கா ஓடியது.

"பாவி மனுஷா!" என்று கனிஷாய் போட்ட கூச்சல் மலையில் இரண்டு தடவை எதிரொலித்தது.

அவன் நிறுத்தி இறங்கினான். அவள் வந்து பையைப் பிரித்தாள். லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில்மறைப்பு வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. நல்லகாலம், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து லென்ஸை மடியில் வைத்து, தலைத்துணி முனையால் தூசியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பழக்கதோஷம்," என்றான் எசென்குல்.

"கோல் போட்டீங்களா?"

"சரி, உடைஞ்சுது உடைஞ்சுபோச்சு. நான் கையிலயே புடிச்சுக்கறேன். கிளம்பு, நேரமாவுது."

"இப்படித் தூக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்க விடமாட்டேன். வீட்டுக்குப் போறோம்."

"கிழவி, இன்னிக்கே போயாகணும்!"

"ஏன்?"

சாட்டையால் பூட்ஸைத் தட்டினான். அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒரு நாள் இருக்கு. ஒழுங்கா ஒரு வழி யோசிங்க" என்று சொல்லிக் குதிரையேறினாள்.

மத்தியானம் முழுவதும் எசென்குல் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடந்தான். டீயை ஊற்றி வைத்தால் ஆறிப் போனது. ரொட்டியைப் பிய்த்தான், பாலாடையில் தோய்த்தான், வைத்துவிட்டு எழுந்தான். ஒரு கனத்தை, வளைந்துகொடுக்காத கனத்தை, குதிரைமேல் நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு போக என்ன வழி? கழுத்தில் விழக் கூடாது. முதுகில் விழக் கூடாது. குலுங்கக் கூடாது. கேட்டால் சிரிப்பார்கள். அதற்கு வழி, கொட்டில் சுவரில் ஒரு சாக்கில் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டுதான் அத்தனை தடவையும் நடந்தான்.

கவைக்கோல். முழங்கை நீளத்துக்கு ஒரு பிர்ச் மரக்கோல், உச்சியில் கவை. அடிமுனையைச் சேணத்தில் பொருத்தி, கழுகு உட்கார்ந்திருக்கும் கையின் மணிக்கட்டைக் கவையில் வைத்துக்கொண்டால், பறவையின் பாரம் கைக்கு வராது. குதிரைக்குப் போய்விடும். பதினோரு குளிர்காலம் துமானின் பாரம் இறங்கிய கோல். துமான் போன அன்று சுற்றி மாட்டியதுதான். அதன் பிறகு தொடவில்லை. தொடுவதற்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கனிஷாய் வெளியே வந்தபோது எசென்குல் காஷ்காமேல் உட்கார்ந்திருந்தான். சேணத்தில் கவைக்கோல். வலது கையில் முழங்கை வரை வரும் கழுகுத் தோலுறை. கவையில் கம்பளித் துணி இரண்டு மடிப்பு.

லென்ஸை இடது கையால் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் குனிந்து வாங்கினான். லென்ஸின் அடிப்பாதத்தைத் தோலுறைக்குள் பற்றி, கேமராவை முழங்கைமேல் சாய்த்து, மணிக்கட்டைக் கவையில் இறக்கினான். கனம் போய்விட்டது. முற்றத்தை ஒரு சுற்று நடத்தினான், அப்புறம் ஓட்டினான். லென்ஸ் அசையவில்லை. குலுக்கலை எல்லாம் கையும் கோலும் வாங்கிக்கொண்டன.

"கழுத்து?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"முதுகு?"

"ஒண்ணுமே இல்ல. கிழவி, தூங்கிக்கிட்டே போலாம்."

அவள் ஒரு நிமிஷம் அந்தக் கோலையே பார்த்தாள். "அடக் கடவுளே. எட்டு வருஷம்! இது என் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. நான் ஒரு நாள் கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

"அது கழுகோடது."

"இப்ப?"

"இப்ப ஏறு. நேரமாவுது."

வழியில் ஒரு வேடிக்கை. கண்ணாடியில் தூசி படுகிறது என்று அவள் சொன்னதும், எசென்குல் இடது கையால் லென்ஸின் முன்மூடியை எடுத்து, கழுகுக்குக் கண்மறைப்பு முகமூடி மாட்டுகிற மாதிரி மெதுவாக, பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டினான். மாட்டிவிட்டு அதன் முதுகை விரலால் ஒரு தடவு தடவினான். கனிஷாய் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பாறை நெருங்க நெருங்க அவன் உள்ளங்கை தோலுறைக்குள் நனைந்தது.

பள்ளத்தாக்கின் இந்தப்புறம் இறங்கினார்கள். கவைக்கோலைச் சேணத்திலிருந்து கழற்றி இரண்டு கல்லுக்கு நடுவில் செருகி, கவையில் லென்ஸை வைத்தார்கள். கோலின் அடியை அவன் பிடித்துக்கொண்டான். கனிஷாய் தரையில் உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

"கூடு தெரியுது. ஒரு குஞ்சு இருக்கு. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவுல கறுப்பு இறகு முளைக்குது."

"தாய்?"

"இல்ல."

"கூட்டுல எங்கயாச்சும் சிக்கி, ஓரமா கீரமா தொங்குதா பாரு."

"எதுக்குத் தொங்கணும்? இரை தேடப் போயிருக்கும்."

காத்திருந்தார்கள். ஒரு மணி நேரம். எசென்குல் எழுந்தான். குதிரைகளைப் பார்த்து வந்தான். உப்புத் தயிருருண்டை ஒன்றை வாயில் போட்டு மென்றான், பாதியில் துப்பினான். பள்ளத்தை எட்டிப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். ஜூனிப்பர் மரம் ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடினான். எதிலும் ஒன்றும் ஆடவில்லை. காற்றில் ஒரு கிளை அசைந்தபோது சட்டென்று எழுந்து நின்றான்.

"உக்காருங்க கிழவரே. புழுதி கிளம்புது."

"உக்காந்துதானே இருக்கேன்."

"உக்காந்த இடத்துலயே நடந்துட்டு இருக்கீங்க. கோலைப் புடிங்க, ஆடுது."

அப்போதுதான் மேட்டைத் தாண்டி அது வந்தது. இறக்கையை விரித்து, அவசரமில்லாமல், பாறை விளிம்போடு ஒட்டி. எசென்குலுக்கு வெறுங்கண்ணிலேயே தெரிந்தது. காலில் நீளமாக ஏதோ ஒன்று தொங்கியது.

"தொங்குது!" என்று கத்திவிட்டான். "கால்ல தொங்குது பாரு! ஐயோ, கூட்டுல எறங்குதே, சிக்கிக்குமே!"

கேமரா படபடவென்று அடித்தது. கனிஷாய் கண்ணை எடுக்கவில்லை. "பாம்பு," என்றாள். "செத்த பாம்பு. குஞ்சுக்குக் கொண்டாந்திருக்கு."

"நல்லாப் பாரு!"

"பாம்புதான். குஞ்சு இழுத்துத் தின்னுது."

"வலது கால். ஓரத்து விரல்ல நகம் இருக்கா பாரு."

நரி கடித்து நகம் போன விரல் அது. இரண்டு வாரம் அவனே மருந்து வைத்துக் கட்டினான். கனிஷாய் எடுத்த படத்தைத் திரையில் கொண்டுவந்து, கட்டைவிரலால் பெரிசாக்கி, இன்னும் பெரிசாக்கினாள்.

"நகம் இல்ல. மொட்டையா இருக்கு."

"துமான்..." என்றான் எசென்குல். உயிரோடு இருக்கிறது. குஞ்சு பொரித்திருக்கிறது. கண் மங்கியது. துடைத்துக்கொண்டான். அடுத்த வார்த்தை அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. "வார்?"

"இல்ல. ரெண்டு கால்லயும் எதுவும் இல்ல. அதுவே கடிச்சு அறுத்துருக்கும்."

எசென்குல் கவைக்கோலின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பதினைந்து மாதமாக மார்பில் உட்கார்ந்திருந்த கல் ஒன்று இறங்கியது. அது இறங்கிய இடத்தில் ஒரு வெறுமையும் இருந்தது, பொய் சொல்வானேன். அவனுடைய அடையாளம் என்று அதன் உடம்பில் இனி ஒன்றுமில்லை. அது அறுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அடையாளத்துக்கு வார் எதற்கு? வீட்டில் இருந்த லென்ஸே போதுமாக இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. தலையைத் தூக்கினான்.

"எந்த வாருன்னு நீ கேக்கலையே."

கனிஷாய் லென்ஸுக்கு மூடி போட்டாள்.

"ரெண்டு வாரையும் அறுத்துட்டேன்னுதானே உன்கிட்ட சொன்னேன்."

"சொன்னீங்க." அவள் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்கு நானும் வந்தேன். யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க, அதனால எதிர்மேட்டுல தள்ளிப் படுத்துக்கிட்டேன். துமான் போறதை ஒரு படம் எடுத்து உங்களுக்குக் கொடுக்கலாம்னு வந்தேன். இடது வாரை அறுத்தீங்க. அப்புறம் ரொம்ப நேரம் கத்தியப் பாத்துட்டே நின்னீங்க. மடக்கி உள்ள வெச்சீங்க. எல்லாம் படத்துல இருக்கு."

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கே."

"ஏன்டி சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஊரே வீட்டுல உக்காந்து கறி தின்னுட்டு இருக்கு. நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன், ஒரு மாசம் பாத்தேன். வாயத் திறக்கல. ராத்திரி தூங்காம புரள்றது மட்டும் தெரியுது. சரி, தேடிக் கண்டுபுடிச்சு, உசுரோட இருக்கு பாருங்கன்னு ஒரு படத்தை முன்னாடி வெச்சுட்டா போதும், பேச்சே வேணாம்னு நெனச்சேன்."

எசென்குலுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. போன வருஷம் ஏப்ரலில் அவள் வடக்கு மேட்டுக்குப் போனாள். மே மாதம் முழுக்கக் கருங்கணவாய். கொட்டுகிற பனியில் நவம்பரில்கூட, கழுத்தில் அந்தப் பட்டையை மாட்டிக்கொண்டு. "அப்படி என்னடி இருக்கு மலைல? காசா பணமா? இந்த வயசுல பீரங்கியத் தூக்கிட்டு அலையற" என்று அவன் எத்தனை தடவை கேலி செய்தான்! வீட்டுக்கு வந்து தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வாள். அவன் ரேடியோவைச் சத்தமாக வைப்பான்.

"உன் தோள்," என்றான். "உன் தோள் போனது இதைத் தேடித்தானா?"

"அது முன்னாடியே பாதி போயிருந்துச்சு."

"மீதி?"

அவள் கேமராவின் பட்டையைச் சுருட்டினாள். எசென்குல் அழுதான். ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, கழுகுத் தோலுறையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான். துமானுக்காக இல்லை. துமான் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே டீப்பானையிலிருந்து குடித்துக்கொண்டு, ஒரே கவலையை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். அவன் சுமந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் சுமந்தது கண்ணுக்கு நேரே கழுத்தில் தொங்கியது, அவன் பார்க்கவில்லை.

கழுகு கூட்டை விட்டுக் கிளம்பியது. பள்ளத்தைக் கடந்து இந்தப்புறம் வந்து அவர்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. எசென்குலின் வலது கை தானாக உயர்ந்தது. அழைப்புக் குரல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினோரு வருஷம் அந்தக் குரலுக்கு எங்கிருந்தாலும் வந்து இறங்கிய பறவை.

"கூப்புடணும்னா கூப்புடுங்க," என்றாள் கனிஷாய் மெதுவாக.

அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். கூப்பிட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. வராவிட்டால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது. கூட்டில் குஞ்சு கத்தியது, இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. கையை இறக்கினான். கழுகு இன்னொரு வட்டம் போட்டுவிட்டு மேட்டுக்கு அந்தப்புறம் போயிற்று.

திரும்பும்போது லென்ஸ் மறுபடி அவன் கையில், கவைக்கோல்மேல். ஓடைக்கு அப்பால், போன் வேலை செய்கிற மேட்டில் காஷ்காவை நிறுத்தினான்.

"அந்த பிஷ்கெக்காரன் நம்பரைப் போடு."

"எதுக்கு?"

"போடேன். என் ஒரு கை பீரங்கில மாட்டியிருக்கு, பாக்கலையா?"

அவள் எண்ணை அழுத்தி நீட்டினாள். எசென்குல் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தான்.

"தம்பி, நான் கனிஷாய் வீட்டுக்காரர் பேசறேன். நாளைக்கு வராதீங்க. லென்ஸ் விக்கறதுக்கில்ல. இல்லப்பா, வெலை பத்தலன்னு இல்ல. தூக்க ஆள் இல்லாமத்தான் விக்கறதா இருந்துச்சு. ஆள் கிடைச்சாச்சு."

போனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச தூரம் இரண்டு குதிரைகளும் சேர்ந்து நடந்தன.

"கிழவி, தோள் இப்ப வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் கனிஷாய். "முன்னாடி பாத்து ஓட்டுங்க. லென்ஸ் ஆடுது."